உப்புக் கரிக்கும் வியர்வை... ஓயாத இருமல்!

ஒரு சின்ன சீன் சொல்றேன். மனசுக்குள்ள ஓட்டிப் பாருங்க.

காலை நேரம். வாணியம்பாடி ஸ்டேஷன். ஏலகிரி எக்ஸ்பிரஸ் வந்து நிக்குது. உங்க செட்டோட ஏறி, கிடைச்ச சீட்ல நாலு பேர் இடிச்சுக்கிட்டு உட்கார்றீங்க. எதிர் சீட்ல உங்க கிளாஸ்மேட். ஆள் ஒல்லி. எந்த சட்டை போட்டாலும் ஹேங்கர்ல மாட்டின மாதிரியே இருக்கும். வண்டி ஆம்பூர் போறதுக்குள்ள பத்து தடவை இருமிட்டான். பக்கத்துல இருந்த பெரியவர் மெதுவா எழுந்து வேற இடம் பார்த்துப் போறார். உங்க செட்லயே ஒருத்தன் கர்ச்சீப்பை எடுத்து மூக்குல வெச்சுக்கிறான்.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிறான். அப்புறம் உங்ககிட்ட மட்டும் மெதுவா சொல்றான்... "டி.பி. மாத்திரை மூணு தடவை கோர்ஸ் முடிச்சுட்டேன் மச்சி. ஒரு நாள்கூட விடலை. வீட்ல யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க. நான் ஒழுங்கா சாப்பிடலைன்னுதான் சொல்றாங்க."

இந்த நண்பன் கற்பனைதான். ஆனா, அவனுக்கு நடக்கிறது கற்பனை இல்ல. இந்தியாவுல 'டி.பி.'ன்னு சொல்லி, மறுபடி மறுபடி மருந்து கொடுத்து, கடைசியில வேற ஒரு நோய்னு கண்டுபிடிச்ச கதைகள் மருத்துவ இதழ்கள்ல நிறையவே பதிவாகியிருக்கு. அந்த இன்னொரு நோயோட பேர், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். சுருக்கமா சி.எஃப்.

இன்னும் கொடுமை என்னன்னா, சில பேருக்கு ரெண்டுமே இருக்கும். ஒரே நெஞ்சுக்குள்ள டி.பி.யும் சி.எஃப்.பும்! அந்த வாழ்க்கை எப்படி இருக்கும்? அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம். பாட்டனி, ஜுவாலஜி படிக்கிறவங்களுக்கு மட்டும் இல்ல. பி.காம். பார்ட்டிகளும் வாங்க!

டி.பி.ன்னா கதை முடிஞ்சது இல்ல!

முதல்ல நமக்குத் தெரிஞ்ச வில்லன். காசநோய். 1882 மார்ச் 24-ம் தேதி, ராபர்ட் கோச் இந்தக் கிருமியைக் கண்டுபிடிச்சதா பெர்லின்ல அறிவிச்சார். அதனாலதான் மார்ச் 24 உலகக் காசநோய் தினம். ஆச்சு, நூத்தி நாற்பது வருஷத்துக்கு மேல. ஆனா ஆள் இன்னும் அடங்கலை. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2023-ல மட்டும் சுமார் 1 கோடியே 8 லட்சம் பேருக்குப் புதுசா டி.பி. வந்திருக்கு. 12 லட்சத்து 50 ஆயிரம் பேர் இறந்திருக்காங்க. நோய் வந்தவங்கள்ல நாலுல ஒருத்தர் இந்தியர்.

பயமுறுத்துறதுக்காகச் சொல்லலை. ஏன்னா, டி.பி. குணமாகிற நோய். சாதாரண டி.பி.க்கு ஆறு மாச மருந்து. முதல் ரெண்டு மாசம் நாலு மருந்து, அடுத்த நாலு மாசம் மூணு மருந்து. அரசு ஆஸ்பத்திரியில முழுக்க இலவசம். சத்தான சாப்பாட்டுக்குன்னு மாசம் 1,000 ரூபாய் பேங்க் அக்கவுன்ட்டுக்கே வருது. 2018-ல 500 ரூபாயா ஆரம்பிச்சது, 2024 நவம்பர்லேர்ந்து ஆயிரம் ஆச்சு.

இன்னொரு விஷயம், நாம காலரைத் தூக்கி விட்டுக்கலாம். டி.பி. வந்தா ஊருக்கு வெளியே சானடோரியத்துல படுக்க வைக்கணும்னு ஒரு காலத்துல உலகமே நம்பிச்சு. அதை மாத்தினது நம்ம சென்னை. 1956-ல ஆரம்பிச்ச காசநோய் ஆராய்ச்சி மையம், 193 நோயாளிகளை ரெண்டா பிரிச்சது. ஒரு பாதி தாம்பரம் சானடோரியத்துல. இன்னொரு பாதி அவங்கவங்க வீட்ல, அதே நெரிசல்ல, அதே ஏழைச் சாப்பாட்டோட. மருந்து மட்டும் ரெண்டு பக்கமும் ஒண்ணு. 1959-ல வந்த முடிவு... வீட்ல இருந்தவங்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானாங்க. அவங்க வீட்டு ஆட்களுக்கு அதனால நோய் கூடுதலா பரவவும் இல்ல. உலகம் முழுக்க டி.பி. நோயாளிகள் வீட்லேயே இருந்து மருந்து சாப்பிடுறதுக்கு இந்தச் சென்னை ஆய்வு ஒரு பெரிய காரணம்.

சரியான மருந்து ஆரம்பிச்சு ரெண்டு வாரம் போனா, பெரும்பாலானவங்ககிட்ட இருந்து டி.பி. பரவாது. ஸோ, ட்ரெயின்ல கர்ச்சீப்பை மூக்குல வெச்ச நண்பரே... நீங்க ரொம்ப லேட்!

அப்போ, மூணு தடவை மருந்து சாப்பிட்டும் இருமல் போகலைன்னா? அங்கதான் உப்பு வருது.

உப்பு போட்ட ஊர்

வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் உப்பைப் பத்தி யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோல் ஷாப்புக்கு வர்ற பச்சைத் தோல், உப்பு தடவித்தான் வரும். இல்லைன்னா அழுகிடும். அந்த உப்பை உதறி, தோலை ஊறப்போட்டு, கழுவித்தான் மத்த வேலையெல்லாம். கழுவின உப்பு எங்கே போச்சுன்னு கேட்டா, பாலாற்றங்கரைக் கிணறுகள் பதில் சொல்லும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்குல 1996-ல சுப்ரீம் கோர்ட் கொடுத்த தீர்ப்பை லா காலேஜ் பசங்க இன்னைக்கும் படிக்கிறாங்க.

சி.எஃப்.பும் ஒரு உப்பு நோய்தான். உடனே 'அப்ப நம்ம ஊர் தண்ணியாலதான் வருதா?'ன்னு கேட்டுடாதீங்க. இல்லவே இல்ல. தண்ணிக்கும் தோல் ஷாப்புக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. இது பிறவியிலேயே ஜீன்ல வர்றது. யார்கிட்ட இருந்தும் தொத்தாது, யாருக்கும் தொத்தாது.

நம்ம செல்கள்ல சி.எஃப்.டி.ஆர்.னு ஒரு குட்டி கேட் இருக்கு. உப்போட ஒரு பாதியான குளோரைடு உள்ளே வெளியே போய்வர்ற கேட். அதைத் தயாரிக்கிற ஜீனை 1989-ல கண்டுபிடிச்சாங்க. அந்த ஜீன்ல கோளாறு இருந்தா கேட் சரியா திறக்காது. விளைவு ரெண்டு விதம்.

நுரையீரல்ல உப்பும் தண்ணியும் தேவையான இடத்துக்கு வராது. சளி பசை மாதிரி கெட்டியாகிடும். அதுல கிருமிகள் குடித்தனம் நடத்தும். கணையத்தோட குழாய்லயும் அதே அடைப்பு. சாப்பிட்ட கொழுப்பு செரிக்காது. எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்புல ஒட்டாது.

வியர்வைச் சுரப்பியில கதை தலைகீழ். வெளியே போற வியர்வையிலேர்ந்து உப்பைத் திரும்ப இழுத்துக்கிற வேலை நடக்காது. அதனால வியர்வை எக்கச்சக்கமா உப்புக் கரிக்கும். முத்தம் கொடுத்தா உப்புக் கரிக்கிற குழந்தை தங்காதுன்னு ஐரோப்பாவுல பல நூற்றாண்டுக்கு முன்னாலேயே ஒரு நம்பிக்கை இருந்திருக்கு. ஏன்னு தெரியாமலே நோயைக் கண்டுபிடிச்சிருக்காங்க பாட்டிகள்!

டாக்டர்கள் விஷயத்துக்கு வர நாளாச்சு. 1938-ல டோரதி ஆண்டர்சன்ங்கிற அமெரிக்க டாக்டரம்மா இந்த நோயைத் தனியா பிரிச்சு விவரிச்சாங்க. 1948-ல நியூயார்க்ல கடுமையான வெயில். உடம்புல உப்பும் தண்ணியும் வத்தி ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைகள்ல பல பேர் சி.எஃப். குழந்தைகள். அந்த நூல் பிடிச்சுப் போய் 1953-ல வியர்வையில உப்பு அதிகம்னு கண்டுபிடிச்சாங்க. 1959-ல அதுக்கு ஒரு நம்பகமான டெஸ்ட்டும் வந்தது. இன்னைக்கு வரைக்கும் அதுதான் ஹீரோ.

ஊசி இல்ல, ரத்தம் இல்ல. முன்கையில ஒரு மருந்து வெச்சு, லேசா கரன்ட் கொடுத்து, வியர்க்க வைப்பாங்க. அரை மணி நேரம் அந்த வியர்வையைச் சேர்த்து, குளோரைடு எவ்வளவுன்னு பார்ப்பாங்க. லிட்டருக்கு 60 மில்லிமோலோ அதுக்கு மேலயோ இருந்தா சி.எஃப்.னு அர்த்தம். 30-க்குக் கீழேன்னா பெரும்பாலும் இல்ல. நடுவுல இருந்தா ஜீன் டெஸ்ட்.

ஜெராக்ஸ் எடுத்த மாதிரி ரெண்டு நோய்

சரி, இதை ஏன் டி.பி.ன்னு நினைக்கிறாங்க? லிஸ்ட் போடுங்க. மாசக்கணக்கில் இருமல். சளி. எடை குறையுது. அப்பப்போ காய்ச்சல். சில நேரம் சளியில ரத்தம். இது டி.பி.யா, சி.எஃப்.பா? ரெண்டும்தான்! எக்ஸ்ரே எடுத்தா தெரியாதான்னு கேட்பீங்க. டி.பி. பெரும்பாலும் நுரையீரலோட மேல்பாகத்தைத் தாக்கும். சி.எஃப்.பும் மேல்பாகத்துலதான் அதிகமா கெடுக்கும். எக்ஸ்ரேயும் கைவிரிச்சாச்சு.

சளியை மைக்ராஸ்கோப்ல பார்த்தா? அதுலயும் ஒரு ட்விஸ்ட். டி.பி. கிருமியோட ஒண்ணுவிட்ட சொந்தக்காரக் கிருமிகள் சில இருக்கு. மண்ணுலயும் தண்ணியிலயும் வாழுறது. சி.எஃப். நுரையீரல்னா அதுகளுக்கு ரொம்பப் பிடிக்கும். சாயம் ஏத்திப் பார்த்தா அதுவும் டி.பி. மாதிரியே சிவப்பா தெரியும். இன்னைக்கு இருக்கிற சிபிநாட், ட்ரூநாட் டெஸ்ட்கள் கிருமியோட ஜீனையே பார்க்கிறதால சில மணி நேரத்துலேயே இது டி.பி.தானா இல்லையான்னு சொல்லிடும். முழு கல்ச்சர்னா வாரக்கணக்காகும்.

ஆனா, டாக்டர் முதல்ல டி.பி.யைச் சந்தேகப்படுறதைத் தப்பு சொல்ல முடியாது. நம்ம நாட்டுல விடாத இருமலோட வர்றவங்களுக்கு முதல்ல பார்க்க வேண்டியதே அதுதான். தப்பு எங்கே நடக்குதுன்னா... கிருமியே கிடைக்காம ஒரு தடவை, ரெண்டு தடவை, மூணு தடவைன்னு அதே மருந்தை எழுதும்போது. கூடவே, 'நீ ஒழுங்கா சாப்பிடலை'ன்னு பழியைப் பையன் மேல போடும்போது!

ஜாடிக்குள் ஒரு இதயம்

பியானோ இசை மேதை ஷோப்பின். வாழ்நாள் முழுக்க இருமலும் மெலிவும். 1849-ல 39 வயசுல இறந்தப்போ டி.பி.ன்னு எழுதினாங்க. நூறு வருஷத்துக்கு மேல கழிச்சு, 'அது சி.எஃப்.பா இருந்திருக்கலாம்'னு சில டாக்டர்கள் வாதாட ஆரம்பிச்சாங்க. அவரோட இதயம் போலந்து தலைநகர் வார்சாவுல ஒரு தேவாலயத் தூணுக்குள்ள, ஜாடியில பத்திரமா இருக்கு. 2014-ல ஜாடியைத் திறக்காமலே வெளியே இருந்து பார்த்த ஆராய்ச்சியாளர்கள், 2017-ல முடிவு சொன்னாங்க: இதயத்தோட உறையையே டி.பி. தாக்கியிருக்கு, அதுதான் சாவுக்குக் காரணமா இருக்கும்னு.

நம்ம ராமானுஜன் கதை எதிர்ப்பக்கம். இங்கிலாந்துல 1917-ல படுத்தவருக்கு டி.பி.ன்னு சொல்லி சானடோரியம் சானடோரியமா அலைய வெச்சாங்க. 1920 ஏப்ரல் 26-ல சென்னையில 32 வயசுல போயிட்டார். 1994-ல அவரோட நோய்க் குறிப்புகளை அலசின ஒரு டாக்டர், 'அது ஈரலைத் தாக்கின அமீபாவா இருக்கவே வாய்ப்பு அதிகம்'னு எழுதினார். அமீபாவுக்கு அன்னைக்கே மருந்து இருந்தது.

நோயோட பேர் மாறினா, ஒரு உயிரோட கணக்கே மாறிடும்.

அத்தை மகன், மாமன் மகள்

'சி.எஃப். வெள்ளைக்காரங்க வியாதி, இந்தியாவுல கிடையாது'ன்னு ரொம்ப நாள் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. 1968-லேயே இந்திய மருத்துவ இதழ்ல ஒரு நோயாளியைப் பத்திப் பதிவு வந்தாச்சு. ஆனாலும் தேடினாத்தானே கிடைக்கும்?

நம்ம பக்கத்துலேயே தேடுற இடம் இருக்கு. வாணியம்பாடியிலேர்ந்து எழுபது கிலோமீட்டருக்குள்ள, வேலூர் சி.எம்.சி. 1900-ல ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோட ஆரம்பிச்ச வைத்தியசாலை வளர்ந்து நிக்கிற இடம். தென்னிந்திய சி.எஃப். நோயாளிகளோட ஜீன் மாற்றங்களைப் பத்தி அங்கேயுள்ள டாக்டர்கள் 2024-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஐரோப்பாவுல சி.எஃப்.னா பெரும்பாலும் ஒரே ஒரு குறிப்பிட்ட ஜீன் கோளாறுதான் கண்ணுல படும். நம்ம ஆட்கள்கிட்ட அது குறைவு, மத்த வகைகள் அதிகம். அதனால வெளிநாட்டு டெஸ்ட் கிட்டை அப்படியே இறக்கிப் பார்த்தா, நம்ம நோயாளிகள் சிலரை அது தவற விட்டுடும்.

யாருக்கு வரும்? அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்டேயும் தலா ஒரு கோளாறான காப்பி இருக்கணும். அவங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. ஆனா, ஒவ்வொரு குழந்தைக்கும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு. ரெண்டு காசைச் சுண்டி, ரெண்டும் பூ விழுகிற மாதிரி. அத்தை மகன், மாமன் மகள்னு சொந்தத்துல கல்யாணம் பண்ணும்போது ரெண்டு பேருக்கும் ஒரே தாத்தா, பாட்டி. ஒரே கோளாறு ரெண்டு பக்கமும் இறங்கி வர வாய்ப்பு கூடுது. இதுக்காக யாரையும் குத்தம் சொல்லக் கூடாது. 'உன்னாலதான் வந்தது'ன்னு அம்மாவை மட்டும் பழி சொல்ற வீடுகளுக்கும் இந்தக் கணக்கைச் சொல்லுங்க... அதுல பாதி அப்பாவோடது!

இதுல ஒரு விசித்திரம் பாருங்க. ஒரே ஒரு கோளாறான காப்பி வெச்சிருந்தவங்களை அந்தக் காலத்துல டி.பி.கிட்ட இருந்து அதுவே ஓரளவு காப்பாத்தியிருக்கலாம், அதனாலதான் ஐரோப்பாவுல அந்த ஜீன் இவ்வளவு பரவிச்சுன்னு 2007-ல ஒரு ஆய்வு சொன்னது. நிரூபணம் ஆகலை, யூகம்தான். ஆனா ரெண்டு காப்பியும் கோளாறா இருக்கிறவனுக்கு அந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது.

ஒரே நெஞ்சுக்குள்ள ரெண்டு பேர்

இப்போ நம்ம ட்ரெயின் நண்பனுக்கு வருவோம். வியர்வை டெஸ்ட் எடுத்தாச்சு. சி.எஃப்.னு தெரிஞ்சாச்சு. 'அப்பாடா, டி.பி. இல்ல'ன்னு பெருமூச்சு விட்டா, அது ரெண்டாவது தப்பு.

முதல் தப்பு, எல்லா இருமலையும் டி.பி. கணக்குல எழுதுறது. ரெண்டாவது தப்பு, சி.எஃப்.னு தெரிஞ்ச பிறகு எல்லா இருமலையும் சி.எஃப். கணக்குல எழுதுறது. டி.பி. கிருமி காத்துல இருக்கிற நாடு இது. பஸ், கிளாஸ்ரூம், ஹாஸ்டல்னு சி.எஃப். நோயாளியும் அதே காத்தைத்தான் சுவாசிக்கிறார். உடம்புல சதை இல்ல. வயசு ஏற ஏற கணையம் கெட்டு சி.எஃப்.காரங்களுக்கு சர்க்கரை நோயும் வரலாம். மெலிவு, சர்க்கரை ரெண்டுமே டி.பி.க்கு வரவேற்பு வளைவு.

ரெண்டும் சேர்ந்துட்டா டாக்டர்களுக்கே அது கயிறு மேல நடக்கிற வேலை. ஏன் தெரியுமா?

ஒண்ணு: சி.எஃப். நுரையீரல்ல வர்ற மத்த கிருமிகளுக்கு லீவோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாடிக் அடிக்கடி கொடுப்பாங்க. அது டி.பி. கிருமியையும் கொஞ்சம் அடக்கி வைக்கும். சாகடிக்காது. அந்த நேரம் டெஸ்ட் எடுத்தா 'டி.பி. இல்ல'ன்னு பொய் சொல்லலாம். அதனால டெஸ்ட்டுக்குப் போகும்போது கடைசியா என்ன மாத்திரை சாப்பிட்டோம்னு சொல்றது ரொம்ப முக்கியம்.

ரெண்டு: கணையமும் குடலும் சரியில்லாததால, முழுங்கின மருந்து சில பேருக்கு ரத்தத்துல முழுசா ஏறாது. மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டும் குணமாகலைன்னா, அது அவன் பொய் சொல்றான்னு அர்த்தம் இல்ல.

மூணு: டி.பி. மருந்துகள்ல மூணு, ஈரலுக்குக் கஷ்டம் கொடுக்கக்கூடியவை. சி.எஃப். ஏற்கெனவே சில பேருக்கு ஈரலைக் கெடுத்து வெச்சிருக்கும். அடிக்கடி ரத்தப் பரிசோதனை கட்டாயம்.

நாலு: இதுதான் பெரிய மோதல். டி.பி. மருந்துகள்ல ராஜா, ரிஃபாம்பிசின். சிறுநீரை ஆரஞ்சு கலராக்குமே, அதே மாத்திரை. அது ஈரலை முடுக்கிவிட்டு, மத்த பல மருந்துகளைச் சீக்கிரமே உடைச்சு வெளியேத்திடும். சி.எஃப்.புக்கு வந்திருக்கிற புது அதிசய மருந்தும் அதுல அடிபட்டுப் போகும். ரெண்டையும் ஒண்ணா கொடுக்கக் கூடாது. அதாவது, ஒரு நோயை ஜெயிக்கிற வரைக்கும் இன்னொரு நோயோட நல்ல மருந்தைத் தள்ளி வைக்கணும். இல்லைன்னா டி.பி.க்கு வேற மருந்துக் கூட்டணி தேடணும். நெஞ்சு ஒண்ணு, ஆனா ரெண்டு டாக்டர்கள் ஒரே டேபிள்ல உட்கார்ந்து பேசியாகணும்.

பிரியாணி சாப்பிடச் சொல்ற டாக்டர்!

இனி அவனோட ஒரு நாள். காலையில நீங்க அலாரத்தை அணைச்சுட்டுப் புரண்டு படுக்கிற நேரம், அவன் நெபுலைசரைப் போட்டு உட்கார்ந்திருப்பான். அதுல போற மருந்து என்ன தெரியுமா? உப்புத் தண்ணி! கடல் தண்ணியைவிடக் கூட உப்பு அதிகமான தண்ணியை ஆவியா உள்ளே இழுத்தா, அது நுரையீரலுக்குள்ள ஈரத்தை இழுத்து, பசைச் சளியை இளக்கும். எந்த உப்பு அவனைப் படுத்துதோ, அதே உப்புதான் மூச்சும் கொடுக்குது.

அப்புறம் நெஞ்சு பிசியோதெரபி. மூச்சுப் பயிற்சி, முதுகுல தட்டிச் சளியை வெளியேத்துறது. காலையும் மாலையும். அதுக்கு மேல டி.பி. மாத்திரைகள். செமஸ்டர் எக்ஸாம் நடந்தாலும், தங்கச்சி கல்யாணம் நடந்தாலும் லீவு கிடையாது. ஹால்ல அவன் லேட்டா நுழைஞ்சா, 'தூங்குமூஞ்சி'ன்னு கலாய்க்கிறதுக்கு முன்னால இதை நினைச்சுக்கோங்க.

சாப்பாட்டுல மட்டும் அவன்தான் ராஜா. வயசுப் பசங்களுக்கு டாக்டர் என்ன சொல்வார்? 'எண்ணெயைக் குறை, உப்பைக் குறை.' இவனுக்கு நேர்மாறு. நெய், முட்டை, கறி, கூடுதல் உப்பு. சாப்பிடுற ஒவ்வொரு தடவையும் செரிமானத்துக்கு என்சைம் கேப்சூல் போட்டுக்கணும், அவ்வளவுதான். வாணியம்பாடியில பிரியாணியை மருந்துச் சீட்டுல எழுதுற அளவுக்கு யோகம் வேற யாருக்கு இருக்கு?

ஆனா, வேலூர் வெயில்தான் அவனோட எதிரி. அக்னி நட்சத்திரத்துல 40 டிகிரியைத் தாண்டும்போது, நமக்கு வியர்வையில கொஞ்சம் உப்பு போகும். அவனுக்குக் கொட்டிப் போகும். திடீர்னு கை கால் பிடிச்சு இழுக்கும், தலை சுத்தும், மயக்கம் வரும். கிரிக்கெட் கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போனா உப்பு, சர்க்கரை கலந்த தண்ணி கையில இருக்கணும். ரமலான் மாசம் நோன்பு வைக்கிற வீட்டுப் பையன்னா, முன்கூட்டியே டாக்டர்கிட்ட கேட்டுக்கட்டும். நோயாளிகளுக்கு மார்க்கமே விலக்கு கொடுத்திருக்கு.

இன்னொரு சோகமும் உண்டு. ரெண்டு சி.எஃப். நோயாளிகள் பக்கத்துல பக்கத்துல உட்காரக் கூடாது. ஒருத்தர் நெஞ்சுல இருக்கிற முரட்டுக் கிருமி இன்னொருத்தருக்குத் தாவிடும். அதனால தன் கஷ்டத்தை நல்லாப் புரிஞ்சுக்கக்கூடிய ஆள்கிட்ட இருந்தே அவன் தள்ளி உட்காரணும். அப்போ அவன் தோள்ல கை போட யார் இருக்கா? அந்த நோய் இல்லாத நீங்கதான்.

மருந்து இருக்கு... விலை?

2019 அக்டோபர்ல அமெரிக்கா ஒரு கூட்டு மருந்துக்கு அனுமதி கொடுத்தது. கோளாறான அந்த கேட்டையே ஓரளவு சரி பண்ற மருந்து. சி.எஃப். குழந்தை ஸ்கூல் வாசலைப் பார்க்கிறதே அதிசயம்ங்கிற காலம் போய், இப்போ அங்கே பிறக்கிற சி.எஃப். குழந்தைகள் சராசரியா 60 வயசைத் தாண்டுவாங்கன்னு கணிக்கிறாங்க.

விலை? அமெரிக்காவுல வருஷத்துக்கு 3 லட்சம் டாலருக்கு மேல. நம்ம காசுல ரெண்டரைக் கோடியைத் தாண்டும். 2023 பிப்ரவரியில இந்தியா, தென்னாப்பிரிக்கா, பிரேசில், உக்ரைன்னு நாலு நாட்டு நோயாளிகளும் குடும்பங்களும் இந்த மருந்தோட காப்புரிமைக்கு எதிரா ஒரே நேரத்துல களத்துல இறங்கினாங்க. நம்ம அரசோட 2021 அரிய நோய்க் கொள்கையில சி.எஃப்.பும் இடம் பிடிச்சிருக்கு. ஆனா, பட்டியல்ல பேர் ஏற, முதல்ல டெஸ்ட்ல பேர் வரணுமே!

நீங்க என்ன செய்யலாம்?

முதல்ல என்ன செய்யக் கூடாதுன்னு சொல்லிடுறேன். இதைப் படிச்சுட்டு, 'எனக்கு டி.பி.யே இல்ல போல'ன்னு யாரும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. பாதியில நிறுத்தினா கிருமி மருந்தைப் பழகிக்கும். அப்புறம் சாதாரண மருந்து வேலை செய்யாது. டாக்டர்கிட்ட கேளுங்க, நீங்களே முடிவெடுக்காதீங்க.

ரெண்டு வாரத்துக்கு மேல இருமலா? சளி டெஸ்ட். நீங்களா இருந்தாலும் சரி, ரூம்மேட்டா இருந்தாலும் சரி. பக்கத்து அரசு ஆஸ்பத்திரி போதும். சந்தேகம்னா 1800-11-6666 காசநோய் ஹெல்ப்லைன், கட்டணம் இல்ல.

கிருமி கிடைக்காமலேயே டி.பி. மருந்து திரும்பத் திரும்பக் கொடுக்கிறாங்களா? கூடவே சின்ன வயசுலேர்ந்தே சளி, மூக்குக்குள்ள சதை, நகம் கிளி மூக்கு மாதிரி வளைஞ்சு விரல் நுனி வீங்கியிருக்கிறது, எண்ணெய் மிதக்கிற நாத்தமான மலம், குழந்தையிலேயே இறந்துபோன அண்ணனோ அக்காவோ... இதுல ஒண்ணு ரெண்டு இருந்தா, டாக்டர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "வியர்வை டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா சார்?" சட்டையில வெள்ளைக் கோடு விழுதேன்னு மட்டும் பார்த்து யாரும் பதற வேண்டாம். வேலூர் வெயில்ல அது எல்லார் சட்டையிலயும் விழும்!

கடைசியா, அந்த ட்ரெயின். பெரியவர் எழுந்து போயிட்டார். எதிர் சீட்ல ஒரு இடம் காலி. அவன் இன்னும் ஜன்னல் பக்கம்தான் பார்த்துக்கிட்டு இருக்கான். 'ஒழுங்கா மாத்திரை சாப்பிட்டியா?'ன்னு அவனைக் கேட்க ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க. 'நீ சாப்பிட்டேன்னு நான் நம்புறேன்டா, வா காட்பாடியில இறங்கி வேற டாக்டரைப் பார்ப்போம்'னு சொல்ல ஒருத்தர் போதும்.

ஜன்னலைத் திறந்து விடுங்க, காத்து வரட்டும். அந்தக் காலி இடத்துல போய் உட்காருங்க.